யாருடைய செக்கன்?

'மீடிறன் என்பது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை.' இந்த ஒரு வரியை இருபது வருடங்களாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள். பரீட்சையிலும் எழுதிப் புள்ளி வாங்கிவிடுகிறார்கள். 'எண்ணிக்கை' என்ற சொல்லில்தான் எல்லோருடைய கவனமும் போகிறது. 'ஒரு செக்கனில்' என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. அது யாருடைய செக்கன், அதை அளந்து தந்தவர் யார் என்று இதுவரை ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. எங்கள் ஊர்ப் படகுகளின் சீ.பீ. செட்டுகளைச் சீராக்குவதற்கு, ஓர் ஆசிரியனின் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் மீடிறன் எண்ணி ஒன்றைத் தேடிய நாட்களில்தான் அந்தக் கேள்வி என் எதிரே வந்து நின்றது.

ரேடியோப் பெட்டியோடு எனக்குள்ள உறவு பழையது. ஆசிரியர் கலாசாலை விடுதியில் பழுதான வானொலிகள் எல்லாம் கடைசியில் என் கட்டிலுக்கடியில்தான் வந்து சேரும். மற்றவர்கள் கற்பித்தல் துணைச் சாதனம் செய்து கொண்டிருக்க, நான் ஏதாவதொரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பேன். ஆசிரியனாகி ஊருக்கு வந்த பின்னரும் அந்தப் பழக்கம் விடவில்லை. கடற்கரைப் பக்கத்து வீடுகளிலிருந்து முதலில் கெசட் ரேடியோக்கள் வந்தன. யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் சீ.பீ. செட்டுகளும் வரத் தொடங்கின. 2009க்கு முந்திய காலத்தில் எங்கள் பகுதியில் அப்படியொரு பெட்டியைக் கையில் வைத்திருப்பது எவ்வளவு பாரதூரமான விடயம் என்பது கிழக்கில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். இன்றும்கூட, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி வானொலிப் பரப்பி வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கடுதாசியைக் காட்டாமல் எவர் கொண்டுவந்தாலும் நான் பெட்டியைத் திறப்பதில்லை. இதனால் ஓரிருவருக்கு என்மீது மனக்குறையும் உண்டு.

இந்த சீ.பீ. என்பது அமெரிக்காவில் பிறந்த பிள்ளை. பொதுமக்கள் தங்களுக்குள் கதைத்துக்கொள்வதற்கென 27 மெகாஹேர்ட்ஸ் அண்டிய பகுதியை அந்நாட்டு அரசு ஒதுக்கியது 1958இல். முதலில் 23 செனல்கள். 1977 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து 40. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் லொறிச் சாரதிகள் எங்கே எரிபொருள் இருக்கிறது, எங்கே பொலிஸார் நிற்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டது இதனூடாகத்தான். வீதிக்காகச் செய்த பெட்டி பின்னர் கடலுக்கும் போய்ச் சேர்ந்தது. கைத்தொலைபேசியின் கோபுரங்கள் கண்ணுக்கு மறையும் தூரத்தில், 12 வோல்ட் பற்றரியில் ஓடும் இந்தப் பெட்டி ஒரு போட்டிலிருந்து இன்னொரு போட்டுக்குச் சொல்லைக் கொண்டுபோகிறது. விலையும் அதிகமில்லை.

பழைய 23 செனல் பெட்டிகளுக்குள் பளிங்குகள் ஒரு டசினுக்கும் மேலே இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மீடிறனைப் பிறப்பிக்கும். அவற்றைக் கூட்டியும் கழித்தும் செனல்களை உண்டாக்குவார்கள். பின்னர் வந்த பெட்டிகளில் அந்தக் கூட்டம் குறைந்து, பெரும்பாலும் 10.240 மெகாஹேர்ட்ஸ் பளிங்கு ஒன்றே எல்லாவற்றுக்கும் ஆதாரமாயிற்று. அதனை 1024 ஆல் வகுத்தால் சரியாக 10 கிலோஹேர்ட்ஸ் வரும். செனலுக்கும் செனலுக்கும் இடைப்பட்ட தூரமும் பொதுவாக அதுவே. கணிதம் படிப்பிப்பவனுக்கு இந்த அழகு போதும், ஒரு நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் பளிங்கும் ஒரு பொருள்தான். வெயிலில் காயும், உப்புக்காற்றில் நனையும், வயது போகும். வயது போகப் போக அதன் மீடிறன் மெதுவாக விலகும். அதை இழுத்துப் பழைய இடத்தில் வைக்க, பெட்டிக்குள்ளே கடுகளவு திருகுகள் சில இருக்கின்றன. அவற்றைத் திருகுவதுதான் சீராக்கல். திருகுவது எளிது. எங்கே நிறுத்துவது என்பதற்குத்தான் எண்ணி வேண்டும்.

பெட்டி பழைய ஏ.எம். முறையில் கதைக்குமாக இருந்தால் கொஞ்சம் விலகினாலும் பாதகமில்லை. குரலோடு சேர்ந்து அதைச் சுமக்கும் காவியலையும் போகிறது. கேட்கும் பெட்டி அந்தக் காவியலையைப் பிடித்துக்கொண்டு குரலைப் பிரித்தெடுத்துவிடும். ஆனால் எங்கள் ஆட்கள் தூரம் போவதற்காக ஒற்றைப் பக்கப்பட்டை முறையைத்தான் பாவிக்கிறார்கள். எஸ்.எஸ்.பீ. என்றால் எல்லோருக்கும் தெரியும். இதில் காவியலையை அனுப்பாமல் குரலின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புகிறோம். சக்தி முழுவதும் குரலுக்கே போவதால் தூரம் கிடைக்கிறது. காவியலையைக் கேட்பவருடைய பெட்டி தானே உண்டாக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அனுப்பியவரின் கணக்கும் கேட்பவரின் கணக்கும் ஒன்றாக இருந்தால் குரல் குரலாக வரும். 50 ஹேர்ட்ஸ் பிசகினால் அவ்வளவாகத் தெரியாது. 100, 150 என்று போகும்போது மனிதக் குரலின் லட்சணம் குறையத் தொடங்கும். 400 பிசகினால் சொல்லே விளங்காது.

கெசட்டை வேகமாக ஓட விட்டால் வரும் சத்தத்தோடு இதைப் பலரும் ஒப்பிடுவார்கள். உண்மையில் இது அதைவிட மோசம். கெசட் வேகமாக ஓடும்போது எல்லாச் சுரங்களும் ஒரே விகிதத்தில் உயர்கின்றன; பாட்டு பாட்டாகவே இருக்கும். இங்கோ ஒவ்வொரு சுரத்தோடும் ஒரே தொகை கூடுகிறது. 200 ஹேர்ட்ஸ் 600 ஆகிறது, 400 ஹேர்ட்ஸ் 800 ஆகிறது. ஒன்றுக்கொன்று இரட்டிப்பாக இருந்த உறவு முறிந்துபோகிறது. காது தேடுவது அந்த உறவைத்தான். எங்கள் ஊர்ப் போட்காரர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், காக்கா என்றுதான் கூப்பிடுவேன், இதை ஒரே வரியில் சொன்னார்: "மாஸ்டர், சத்தம் வருகிது. ஆனா மனிசன்ட சத்தமா இல்ல. தாரா கத்துற மாதிரி இரிக்கி."

அவர் இதைச் சொன்னது 2021ஆம் ஆண்டு மாரியில். எங்கள் ஊருக்குத் தெற்கே அடுத்தாற்போல் இருப்பது தமிழ்க் கிராமம். இரு ஊர்ப் போட்டுகளும் ஒரே கடலில்தான் வலை போடுகின்றன. எங்கள் ஊர்ச் செட்டுகளை அக்காலத்தில் வெளியூரிலிருந்து வரும் ஒரு மெக்கானிக் பார்த்து வந்தார். அவர்களுடையதை வேறொருவர் பார்த்தார். அந்த மாரியில் ஒரு பின்னேரம், அவர்களுடைய போட் ஒன்று எஞ்சின் நின்று, காற்றோடு வெளியே இழுபட்டுப் போயிருக்கிறது. உள்ளே இரண்டு இளம் பிள்ளைகள். அவர்களுக்குக் கிட்ட நின்றது எங்கள் காக்காவின் போட்தான். அவருடைய பெட்டியில் அந்தக் குரல் வந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆனால் சொல் எதுவும் பிடிபடவில்லை. யாரோ தூரத்தில் வேறு பாஷையில் கதைக்கிறார்கள் என்று எண்ணி வலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். போட்டில் இருந்த வயதான ஒருவர்தான் பொறுக்க மாட்டாமல், முன்பக்கத்து நுண் திருகைக் கடைசி வரைக்கும் திருப்பிக் காதைப் பெட்டியோடு வைத்துக் கேட்டிருக்கிறார். "எஞ்சின்" என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியிருக்கிறது. அதுவே போதுமாயிருந்தது. மஃரிபுக்குப் பிறகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சொல் விளங்க ஒன்றரை மணித்தியாலம் சென்றிருக்கிறது.

கரைக்கு வந்த பிறகு வழக்கு வேறு விதமாகத் திரும்பியது. உங்கள் செட்தான் பிழை என்றார்கள் எங்கள் ஆட்கள். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்து, கதிரையில் இருந்து, நிதானமாகச் சொன்னார். "சேர், எங்கட செட்டில பிழை இல்ல. எங்கட போட் பதினொண்டும் ஒண்டோட ஒண்டு தெளிவாக் கதைக்குது. பிழை இருந்தா எப்பிடிக் கதைக்கிற?" இதே கேள்வியை முதல் நாள் எங்கள் காக்காவும் கேட்டிருந்தார். "நம்மட போட்டெல்லாம் ஒண்டுக்கொண்டு நல்லாத்தானே கேக்குது?"

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. ஓர் ஊர்ச் செட்டுகளை எல்லாம் ஒரே ஆள், ஒரு செட்டைப் பார்த்து மற்றதை வைத்திருந்தால், அவை தங்களுக்குள் ஒத்துப்போகும். அதற்கு எந்த எண்ணியும் வேண்டாம். அந்த ஊர்க்காரன் ஊர்க்காரனோடு மட்டும் கதைப்பதாக இருந்தால் அதுவே போதும். அடுத்த ஊரானோடு கதைக்க வேண்டி வரும்போதுதான், அதுவும் உயிர் போகும் நேரத்தில் கதைக்க வேண்டி வரும்போதுதான், தங்களுக்குள் ஒத்துப்போவதும் சரியாக இருப்பதும் வேறு வேறு என்று தெரிய வருகிறது. எந்த ஊர் சரி என்பதை எங்கள் பெட்டியாலும் சொல்ல முடியாது, அவர்களின் பெட்டியாலும் சொல்ல முடியாது. இரண்டு ஊருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது அளவு ஒன்று வேண்டும். "நான் ஒரு எண்ணி எடுக்கிறேன், அது வந்த பிறகு இரண்டு ஊர்ச் செட்டையும் ஒரே மேசையில் வைப்போம்" என்று இருவரிடமும் சொன்னேன்.

சொன்னது சுலபம். எடுப்பது சுலபமாக இருக்கவில்லை. 2022 மார்ச் ஆரம்பத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. நான் விலை பார்க்கத் தொடங்கியபோது 3,000 ரூபாவாக இருந்த சாமான், முடிவெடுக்கும்போது 5,400 ஆகிவிட்டது. என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, ஐந்து இலக்கம் காட்டும் சிறிய பொருத்துப் பொதி. நாலைந்து டொலருக்குள் முடிந்துவிடும். பளிங்குகளைச் சோதிக்கவும், பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்டவும் அருமையான சாமான். ஆனால் 27.205 மெகாஹேர்ட்ஸைக் காட்ட ஐந்து இலக்கமும் முடிந்துவிடும். கடைசி இலக்கம் 1,000 ஹேர்ட்ஸ். எங்களுடைய வழக்கோ நூறுகளில் நடக்கிறது. தங்கத்தை நெல் மூட்டைத் தராசில் நிறுப்பது போன்றது. எங்கள் இரு ஊர்ச் செட்டுகளையும் அது ஒரே எண்ணாகக் காட்டிச் சமாதானம் பேசிவிடக்கூடும்.

இரண்டாவது, வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் பாவித்துக் கழித்த பெரிய மேசை எண்ணி. உண்மையான பொறியியல். சிலவற்றில் பளிங்கைச் சிறு அடுப்புக்குள் வைத்து ஒரே வெப்பநிலையில் பேணுவார்கள். பத்துக் கோடியில் ஒரு பங்கு வரை நம்பலாம். நான் பார்த்த ஒன்று கப்பல் கூலியைத் தவிர்த்து 120 டொலர். அதாவது 24,000 ரூபாவாக இருந்து 43,000 ஐத் தாண்டிய சாமான். என் ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி. பணம் ஒருபுறமிருக்க, அந்த அடுப்பு சூடேறி நிலைக்க நேரம் வேண்டும், அதற்கு 230 வோல்ட் மின்சாரம் இடைவிடாமல் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. சூடேறும் முன்னே கரண்ட் போய்விடும் வீட்டில் அந்தச் சாமானுக்கு வேலையில்லை.

மூன்றாவது, எட்டு இலக்கம் காட்டும் சிறிய எண்ணித் தகடு. 12 வோல்ட் பற்றரியில் ஓடும். 60 மெகாஹேர்ட்ஸ் வரை நேரடியாக எண்ணும். கடைசியாக 10 ஹேர்ட்ஸ் வரை காட்டும். பதினைந்து டொலர். வெப்பத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் பளிங்கலையம் உள்ளது. தகட்டில் அதைச் சரிசெய்வதற்கென்றே ஒரு சிறு திருகும் இருந்தது. இதைத்தான் எடுத்தேன். தபாலில் வந்துசேர இரண்டு மாதம் சென்றது.

வாங்க நினைப்பவர்களுக்கு இந்த இடத்தில் சில வார்த்தை. விளம்பரத்தில் 2.4 கிகாஹேர்ட்ஸ் வரை அளக்கும் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். சீ.பீ. வேலைக்கு 50 மெகாஹேர்ட்ஸ் தாராளம். அவ்வளவு உயரத்தை அளக்கும் வாயில், வருவதை முதலில் வகுத்துச் சிறிதாக்கிவிட்டுத்தான் எண்ணும். அதனால் நுணுக்கம் குறையும். தாழ்ந்த மீடிறனை வகுக்காமல் எண்ணும் தனி வாயில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, எண்ணும் நேரம். வகுப்பில் ஊசலின் ஆவர்த்தன காலத்தை அளக்கும்போது ஒரு ஆட்டத்தை அளக்காதே, இருபது ஆட்டத்தை அளந்து இருபதால் வகு என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இங்கும் அதே கதைதான். பத்திலொரு செக்கன் எண்ணினால் 10 ஹேர்ட்ஸ் வரைதான் தெரியும். ஒரு முழுச் செக்கன் எண்ணினால் 1 ஹேர்ட்ஸ் தெரியும். அவசரக்காரனுக்கு எண்ணி அவ்வளவாக உதவாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது மூன்றாவது விடயம். எண்ணி செய்கிற வேலை ஒன்றுதான்: ஒரு கதவைத் திறந்து, உள்ளே வரும் துடிப்புகளை எண்ணி, ஒரு செக்கன் முடிந்ததும் கதவைச் சாத்துகிறது. எண்ணுவதில் பிழை வர இடமில்லை. பிழை வருவதெல்லாம் கதவைச் சாத்தும் நேரத்தில்தான். அந்த நேரத்தைச் சொல்வது எண்ணிக்குள்ளேயே இருக்கும் இன்னொரு பளிங்கு. சாதாரணப் பளிங்கு பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு விலகியிருப்பது புதினமல்ல. 27 மெகாஹேர்ட்ஸில் அது 270 ஹேர்ட்ஸ். முகப்பில் எட்டு இலக்கம் பளிச்சென்று எரிந்தாலும் கடைசி மூன்று இலக்கமும் வெறும் அலங்காரம். வெப்பத்தைத் திருத்திக்கொள்ளும் பளிங்கு பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குள் நின்றால், பிசகு 27 ஹேர்ட்ஸ் அளவில் அடங்கும். ஆகவே கடைக்காரனிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை இலக்கம் என்பதல்ல, உள்ளே என்ன பளிங்கு என்பதே.

அப்படியானால் அந்தப் பளிங்கைச் சோதிப்பது எப்படி? இன்னொரு எண்ணியாலா? அதைச் சோதிப்பது யார்? எங்கள் பாடசாலையில் மூன்று மணிக்கூடுகள் இருக்கின்றன. அதிபரின் அறையில் ஒன்று, ஆசிரியர் அறையில் ஒன்று, ஆய்வுகூடத்தில் ஒன்று. மூன்றும் மூன்று நேரம். எது சரி என்று வாதாடுவதில் பயனில்லை. நோன்பு காலத்தில் நாங்கள் இலங்கை வானொலியின் நேரத்தைத்தான் கடைசித் தீர்ப்பாகக் கொண்டோம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கொழும்புக்கும் எங்கள் கரைக்கும் ஏறக்குறைய இரண்டு பாகை நெடுங்கோட்டு வித்தியாசம். ஒரு பாகைக்கு நாலு நிமிடம். சூரியன் இங்கே எட்டு நிமிடம் அளவில் முந்தி மறைகிறான். மணிக்கூடு நாடு முழுவதற்கும் ஒன்று; நோன்பு திறக்கும் நேரம் ஊருக்கு ஊர் வேறு. எங்கள் பெரியவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. பொதுவான அளவு ஒன்றை வைத்துக்கொண்டு, தங்கள் இடத்துக்குரிய கணக்கை அதிலிருந்து எடுத்தார்கள்.

மீடிறனுக்கும் அப்படியொரு பொது அளவு ஆகாயத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.வீ. என்ற நிலையமும், சீனாவின் ஷான்சி மாகாணத்திலிருந்து பீ.பீ.எம். என்ற நிலையமும் அணு மணிக்கூட்டோடு கட்டப்பட்ட மீடிறனில், 10 மெகாஹேர்ட்ஸ் உட்பட வேறு சில இடங்களிலும், செக்கனுக்குச் செக்கன் 'டிக்' என்று ஒலித்துக்கொண்டிருக்கின்றன. எங்கள் பக்கத்தில் சீனாவின் ஓசைதான் நன்றாகக் கேட்கும். சிற்றலை உள்ள ஒரு வானொலி போதும். ஒரு சதம் செலவில்லை.

2022 ஜூன் கடைசியில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளை மூடினார்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் போட்டுகளும் கரையில் கிடந்தன. கையில் வேலையில்லாத அந்த இரவுகளில் முற்றத்தில் இருந்து இதைச் செய்தேன். மின்வெட்டினால் விளைந்த நன்மை என்று ஒன்றைச் சொல்வதானால் இதைச் சொல்லலாம்: ஊரில் மின்குமிழும் சார்ஜரும் எல்லாம் அணைந்துவிட்டால் சிற்றலையில் இரைச்சலே இல்லை. சீனத்து 'டிக்' ஓசை பக்கத்து வீட்டில் ஆணி அடிப்பது போலக் கேட்டது.

செய்முறை இதுதான். 10 மெகாஹேர்ட்ஸ் பளிங்கொன்றில் சிறிய அலையமொன்றைச் செய்து பற்றரியில் ஓடவிட்டு, வானொலிக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். ஆகாயத்திலிருந்து வரும் 10 மெகாஹேர்ட்ஸும் என் அலையத்தின் 10 மெகாஹேர்ட்ஸும் சேரும்போது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அடிப்பொலியாகக் கேட்கும். திருகைத் திருப்பத் திருப்ப அது ஊளையாகி, முனகலாகி, பிறகு சத்தம் கூடிக் குறைந்து மூச்சு விடுவது போல ஆகிவிடும். மூன்று செக்கனுக்கு ஒரு தடவை மூச்சு விடும் அளவுக்குக் கொண்டுவந்தேன். அப்படியென்றால் ஒரு கோடிக்கு ஒன்றின் மூன்றிலொரு பங்குதான் பிசகு. எங்கள் தேவைக்கு அது அளவுக்கு மிஞ்சிய திருத்தம்.

இப்போது அந்த அலையத்தை எண்ணிக்குக் கொடுத்தேன். அது காட்டியது 9.99997. உண்மையில் இருப்பதைவிட 30 ஹேர்ட்ஸ் குறைவாக எண்ணியிருக்கிறது. அதாவது கதவை நேரத்தோடு சாத்தியிருக்கிறது. அதனுடைய செக்கன் உலகத்தின் செக்கனைவிடக் கொஞ்சம் குட்டை. 27 மெகாஹேர்ட்ஸில் இது 80 ஹேர்ட்ஸ் அளவுக்கு வரும். பொதியில் அச்சடித்திருந்த உத்தரவாதத்தை நம்பி நேராகப் போட்டுச் செட்டுகளில் கைவைத்திருந்தால் இரண்டு ஊருக்கும் இல்லாத மூன்றாவது பிழை ஒன்று உருவாகியிருக்கும். தகட்டில் இருந்த திருகைத் திருப்பி 10.00000க்குக் கொண்டுவந்தேன். பிறகு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் வைத்துப் பூட்டி, அன்றைய திகதியை மூடியில் எழுதினேன்.

செட்டோடு எண்ணியைப் பொருத்துவதிலும் கவனம் வேண்டும். 4 வாட் அனுப்பும் பெட்டியின் வாயில் 14 வோல்ட் இருக்கும், எஸ்.எஸ்.பீ.யில் 12 வாட் உச்சத்துக்குப் போகும்போது 24க்கும் மேல். நேராகக் கொடுத்தால் எண்ணியின் ஆயுள் அன்றோடு சரி. ஏரியலையும் மாட்டக்கூடாது, ஊரெல்லாம் கேட்கும். ஒரு கிலோஓம், ஒரு வாட் காபன் தடையிகள் இருபதைச் சமாந்தரமாகப் பற்றாசு வைத்தால் 50 ஓம், 20 வாட் போலிச்சுமை தயார். கம்பி சுற்றிய தடையி இதற்கு ஆகாது. அதற்கு அருகில் இரண்டு மூன்று சுற்றுக் கம்பியை வைத்தால் எண்ணிக்குத் தேவையான அளவு வந்துவிடும். பெட்டியை அரை மணித்தியாலம் சூடேற விட வேண்டும். திருப்புவதற்கு இரும்புத் திருப்புளி கூடாது. இரும்பு கிட்டப் போனாலே எண் மாறும். பிளாஸ்டிக் ஊசியைச் சீவி எடுத்துக்கொண்டேன்.

எஸ்.எஸ்.பீ.யில் கதைக்காவிட்டால் வெளியே ஒன்றும் போகாது; கதைத்தால் எண் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்குக் கைத்தொலைபேசி உதவுகிறது. 1,000 ஹேர்ட்ஸ் ஓசை ஒன்றை அதில் ஒலிக்கவிட்டு மைக்குக்கு முன்னால் பிடித்தால், மேற்பக்கப்பட்டையில் 20ஆம் செனலின் 27.205 மெகாஹேர்ட்ஸோடு அந்த ஆயிரமும் சேர்ந்து 27.20600 என்று வரவேண்டும்.

ஜூலையில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு இரண்டு ஊர்ச் செட்டுகளும் என் வீட்டு மேசைக்கு வந்தன. காக்கா ஒரு பக்கம், அந்த ஊர்ப் பெரியவர் மறுபக்கம். எங்கள் வீட்டில் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்கள். சீனி தட்டுப்பாடான காலம், கருப்பட்டித் துண்டோடு குடித்தோம். முதலில் அந்த இருவருக்கும் சீனத்து ஓசையைக் கேட்க வைத்து, எண்ணி 10.00000 காட்டுவதைக் காட்டினேன். அளக்கும் கோலை முதலில் அளந்து காட்டாமல் ஒருவருடைய சாமானைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊர்ச் செட் 27.20618. அவர்களுடையது 27.20576. மற்றச் செட்டுகளும் 20, 30 ஹேர்ட்ஸ் முன்னே பின்னே அதே இடங்களில்தான் நின்றன. எங்கள் ஊர் 180 மேலே, அவர்களின் ஊர் 240 கீழே. இடையில் 420. இரண்டு ஊரும் தங்களுக்குள் ஒற்றுமையாகவே பிழையாக இருந்திருக்கின்றன.

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு பெரியவர் சிரித்துவிட்டார். "அப்ப நாங்க ரெண்டு பேரும் மற்றவன்ட செட்டைத்தான் பிழை எண்டு சொன்னம். அது ரெண்டும் சரியாத்தான் இருந்திருக்கு." காக்காவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. கடற்கரையில் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

இருபத்துமூன்று செட்டுகளையும் முடிக்க ஒன்பது நாள் எடுத்தது. அவர்களின் ஊர் மெக்கானிக்கும் வந்து கூட இருந்தார். இரண்டாம் நாளிலிருந்து பாதி வேலையை அவரே செய்தார். தகரப் பெட்டியை அவர் தன் ஊருக்கும் கொண்டுபோய் வருகிறார். மூடியில் இப்போது பல திகதிகள் இருக்கின்றன. சில என் கையெழுத்து, சில அவருடையது. ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன்னர் செட்டுகளைப் பார்க்கிறோம். அதற்கு முதல் நாள் இரவு எண்ணியைப் பார்க்கிறோம். சென்ற தடவை அது 10.00001 காட்டியது. பளிங்குக்கும் வயது போகிறது. திருகைத் தொடவில்லை, 27 ஹேர்ட்ஸை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. திகதிக்கு நேரே அந்த எண்ணை மட்டும் எழுதி வைத்திருக்கிறோம், அடுத்த வருடம் பார்ப்பதற்கு.